பவர் பட்டனைத் தொட்டாலே கணினி அணைகிறது, அவசரம்

மாடிவீடு:
லினக்ஸ் கணினி. பவர் பட்டனை லேசாக அமுக்கினாலே எதுவும் கேட்காமல் அணைந்துவிடுகிறது. வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், நீல விளக்கைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. அடித்துக்கொண்டிருந்த கணக்கு பாதி போச்சு. செட்டிங்கில் 'கேள்' என்றுதான் வைத்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

டெர்மினல்தம்பி:
எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? எந்த டெஸ்க்டாப் (திரைச்சூழல்)? லேப்டாப்பா, மேசைக் கணினியா? எந்த செட்டிங்?

ஈயப்பற்று:
எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும். இல்லாவிட்டால் முன்பக்க சுவிட்ச் உள்ளேயே சிக்கியிருக்கும். 4 விநாடி அழுந்தியே இருந்தால் போர்டே கரண்டை வெட்டிவிடும், லினக்ஸைக் கேட்காது. பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டெர்மினல்தம்பி:
கரண்ட் வெட்டியிருந்தால் லாக் (கணினியின் பதிவேடு) பாதியில் அறுந்திருக்கும் அண்ணே. ஜர்னல்சிடிஎல் -பி -1 என்ற கட்டளையைக் கொடுத்து, போன தடவை ஓடியதன் கடைசி வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பவர் கீ பிரஸ்டு' (பவர் பட்டன் அமுக்கப்பட்டது) என்று இருந்தால் லினக்ஸ்தான் முறையாக அணைத்திருக்கிறது.

பழையபெங்குவின்:
பட்டனைக் கவனிப்பது லாகின்டி என்ற பின்னணி நிரல், அதன் அமைப்புக் கோப்பான லாகின்டி.கான்ஃபில் ஹேண்டில்பவர்கீ என்று ஒரு வரி. எதுவும் எழுதாவிட்டால் பவர்ஆஃப், அதாவது அணை. அதை இக்னோர் (கண்டுகொள்ளாதே) ஆக்குங்கள், வேலை முடிந்தது. மேனுவலைத் திறந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை, எத்தனை தடவைதான் எழுதுவது!

மாடிவீடு:
டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ, மேசைக் கணினி. அந்த வரி லாகில் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அமுக்கியபோது கேட்டது, இன்று காலையில் கேட்கவில்லை.

டெர்மினல்தம்பி:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! நேற்று செட்டிங்கைத் திறந்தபோது பவர் மேனேஜர் ஓடவில்லை, இயக்கவா என்று கேட்டதா?

மாடிவீடு:
ஆமாம், சரி கொடுத்தேன். அது எப்போதும் கேட்பதுதானே?

டெர்மினல்தம்பி:
அங்கேதான் விஷயம். பட்டன் செய்தி முதலில் போவது சிஸ்டம்டியின் (லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நடத்துவது) லாகின்டிக்கு. எக்ஸ்எஃப்சிஇ பவர் மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தால், 'இந்தப் பட்டனை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று லாகின்டியிடம் ஒரு தடை வாங்கி வைத்திருக்கும். அது ஓடாவிட்டால் தடை இல்லை, லாகின்டி நேரே அணைத்துவிடும். உங்கள் 'கேள்' செட்டிங்கைப் படிக்க அங்கே ஆளே இல்லை. நேற்று சரி கொடுத்ததால் அது ஓடியது, கேட்டது; இன்று காலையில் அது ஓடவில்லை. தடைகளைப் பட்டியலிடும் சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட் கட்டளையைப் போட்டால் ஹேண்டில்-பவர்-கீ என்று ஒரு வரி வருகிறதா பாருங்கள். 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' பகுதியின் ஆட்டோஸ்டார்ட்டில் (உள்ளே நுழைந்ததும் தானாக இயங்குபவை) பவர் மேனேஜருக்கு டிக் இருக்கிறதா?

ரன்லெவல்:
பட்டனை ஏசிபிஐடி என்ற பழைய நிரல் கவனித்த காலத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். பட்டனுக்குக்கூட சிஸ்டம்டியிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலைமை!

பழையபெங்குவின்:
அந்த ஸ்கிரிப்டையும் லாகின்டியையும் சேர்த்து ஓடவிட்டு, ஒரே அமுக்கில் ஒன்று தூங்க வைக்க, மற்றது அணைக்க, அதைச் சரிசெய்ய இங்கே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரன்லெவல்:
ஒன்றை நீக்கினால் போச்சு. நான் எதை நீக்குவேன் என்று சொல்ல வேண்டுமா?

ஈயப்பற்று:
எதற்கும் சுவிட்சையும் பாருங்கள்.

பழையபெங்குவின்:
என் வழிதான் சுருக்கம். இக்னோர் போட்டு லாகின்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டெர்மினல்தம்பி:
திறந்திருக்கும் வேலையோடு ரீஸ்டார்ட் வேண்டாம், டெஸ்க்டாப்பே கையைவிட்டுப் போகலாம். சேமித்துவிட்டு ரீபூட் பண்ணுங்கள். இன்னொன்று, பவர் மேனேஜர் இல்லாமல் இக்னோர் மட்டும் போட்டால் பட்டன் எதுவுமே செய்யாது, கேட்கவும் கேட்காது.

மாடிவீடு:
டிக் இல்லை. பேட்டரி இல்லாத கணினிக்கு எதற்கு என்று எடுத்திருந்தேன். போட்டுவிட்டேன், இப்போது கேட்கிறது. நன்றி.

டெர்மினல்தம்பி:
நல்லது. ஆனால் லாகின் திரையில் நிற்கும்போது பையன் அமுக்கினால் இன்னும் அணையும், அங்கே உங்கள் பவர் மேனேஜர் கிடையாது. அதற்கு மட்டும் பெங்குவின் அண்ணன் சொன்ன இக்னோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்புக்குள் வந்த பிறகு வழக்கம்போலக் கேட்கும்.

பழையபெங்குவின்:
அதைத்தானே முதலில் சொன்னேன்.