புதுப்பிப்பு: டயர் காற்றுக் கணக்கு பிடிபட்டுவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: காலையில் 27 டிகிரியில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்த கார் டயர், நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடானதும் 37 காட்டியது. வெப்பநிலை கூடும் அதே விகிதத்தில் அழுத்தமும் கூடும் என்று 32-ஐ 57/27-ஆல் பெருக்கிய என் கணக்கிலோ 67.6 வந்தது. ஏன்?

இரண்டு இடத்தில் தவறியிருக்கிறேன். வெப்பநிலையைக் கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டி) போட வேண்டும்: 300, 330. பத்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது! அப்புறம், கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இருப்பதை மட்டும். வெளிக்காற்றின் அந்த 14.7 பிஎஸ்ஐ-யையும் 32-உடன் சேர்த்தால் 46.7. அது 1.1 மடங்காகி 51.4. மறுபடி 14.7 கழித்தால் 36.7. முள் நின்ற அதே இடம்! பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். டயரின் கொள்ளளவு கொஞ்சம் கூடும்தான். உள்ளே கம்பிப் பின்னல் இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

சூடான டயரில் 37-ஐப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் 32-க்குக் கீழே போய்விடும்.