ஈரமும் உப்பும் சேர்ந்த கடற்கரையில் மூன்று வாரம்: மோட்டார்ஹோமில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: கரைவழி

வணக்கம் நண்பர்களே. துணைவெப்பமண்டலக் கடற்கரை ஒன்றை ஒட்டியே மூன்று வாரம் மோட்டார்ஹோமில் போவதாகத் திட்டம். இரண்டு பேர். இதுவரை வண்டி ஓடியதெல்லாம் குளிர்ந்த, வறண்ட மலைப்பகுதியில்தான். கடல் ஓரம் இதுவே முதல் தடவை.

வண்டி 7 மீட்டர் நீளம், 3.5 டன், முன்சக்கர இழுவை. 100 லிட்டர் நன்னீர் டேங்க், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 200 வாட் சோலார். கூரையில் ஏ.சி. இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கேஸ், 12 வோல்ட், வெளி மின்சாரம் மூன்றிலும் ஓடும் பழைய வகை.

தெரிய வேண்டியவை: வெளி மின்சாரம் இல்லாத இடத்தில் புழுக்கத்தில் எப்படித் தூங்குவது? உப்புக்காற்றால் வண்டி எங்கெல்லாம் கெடும்? மணலில் இறக்கலாமா? அலையாத்திக் காடு, கடலாமை, கரைப்பறவைகள் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். அவற்றுக்கு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில் 1: நெய்தல்நிலம்

முதலில் ஏ.சி. கணக்கு. கூரை ஏ.சி. பொதுவாக 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) வகை. ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் இழுக்கும். உங்கள் பேட்டரியில் இருப்பது மொத்தமே 1,280 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பும் போனால் முக்கால் மணி நேரம் ஓடினாலே அதிகம். அதனால் பேட்டரியில் ஏ.சி. என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். மூன்று இரவுக்கு ஒரு இரவு மின் இணைப்பு உள்ள இடத்தில் நிறுத்தி, அன்று ஏ.சி.யை நன்றாக ஓட்டி மெத்தை, துணி, அலமாரி எல்லாவற்றையும் உலர்த்திக்கொள்ளுங்கள். குளிர்ச்சியைவிட அந்த உலர்த்தல்தான் பெரிய லாபம்.

மற்ற இரவுகளுக்குக் கூரை விசிறி போதும், ஆனால் திறக்கும் முறை முக்கியம். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தால் விசிறி தனக்கு அருகில் இருக்கும் ஜன்னல் வழியாகவே காற்றை இழுத்து வெளியே தள்ளிவிடும். படுக்கைப் பக்கம் ஒரு அசைவும் இருக்காது. விசிறியை வெளித்தள்ளும் திசையில் வைத்து, தலைமாட்டு ஜன்னல் ஒன்றை மட்டும் நாலு விரல் அளவு திறந்து, மற்றதையெல்லாம் மூடுங்கள். காற்று உடம்பின் மேல் வருவது உடனே தெரியும். குறைந்த வேகத்தில் விசிறிக்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது. நீர் ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர்களை வாங்காதீர்கள். ஈரக்காற்றில் அவை இருக்கும் புழுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. உள்ளே சமைத்தால் அத்தனையும் சுவரிலும் மெத்தை அடியிலும்தான் போய் உட்காரும். மெத்தைக்கு அடியில் பலகை இருந்தால் காற்றோட்டம் தரும் வலைத்தட்டு ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அடிப்பக்கம் கரும்புள்ளி பூசணம் வந்துவிடும்.

உங்கள் ஃப்ரிட்ஜ் அம்மோனியா வகை. அதில் கம்ப்ரசர் கிடையாது, திரவம் புவியீர்ப்பில்தான் இறங்க வேண்டும். அதனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் 3 பாகைக்கு மேல் சாய்ந்தால் திரவம் குழாயில் தேங்கி, ஃப்ரிட்ஜின் சூடேற்றும் பகுதி அளவுமீறிச் சூடாகும். அப்படியே பல மணி நேரம் ஓடினால் உள்ளே இருக்கும் துருத்தடுப்பு உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு ரிப்பேர் இல்லை, குளிர்விக்கும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, இந்த வகை வெளிவெப்பத்தைப் பொறுத்துத்தான் குளிர்விக்கும். மதிய வெயில் ஃப்ரிட்ஜ் கிரில் உள்ள பக்கத்தில் படாமல் நிறுத்துங்கள். கிரிலுக்குப் பின்னால் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்றைச் சூடான காற்று மேலே போகும்படி பொருத்தினால் நல்ல மாற்றம் தெரியும். 12 வோல்ட் இணைப்பை இஞ்சின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். நிறுத்தியபின் அது 10 ஆம்பியருக்கு மேல் இழுத்துப் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பதில் 2: பட்டறைக்குறிப்பு

உப்பைப் பற்றி ஒரு அடிப்படை விஷயம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். இந்தக் கரைகளில் இரவெல்லாம் ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கும். அதாவது மழையே இல்லாவிட்டாலும், அலையே தெறிக்காவிட்டாலும், அடித்தளத்தில் படிந்த உப்பு இரவு முழுக்க ஈரமாக இருந்து இரும்பைத் தின்கிறது. எண்ணெய் பூசுவதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் கழுவ வேண்டும்.

அலைத்திவலை வரும் இடத்தில் நின்றிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சாதாரண ஹோஸ் குழாயால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சக்கர வளைவின் மேல்பகுதி, சேசிஸ் சட்டத்தின் உட்பக்கம், மின்சாரத்தில் விரியும் படி, டோ-பார் (பின்னால் வண்டி இழுக்கும் கொக்கி), பின் அச்சு. உயர் அழுத்தக் குழாய் வேண்டாம். ஜன்னல் ரப்பர், ஃப்ரிட்ஜ் கிரில், வீல் பேரிங் சீல் இவற்றுக்குள் உப்புநீரையே அது தள்ளிவிடும். கிளம்புவதற்கு முன்பே அடித்தளத்தில் லானோலின் (கம்பளிக்கொழுப்பு) ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் நல்லது. பிரேக் டிஸ்க், புகைபோக்கி, ரப்பர் புஷ் மேல் படவே கூடாது.

வண்டியின் உடம்பில் துருவைத் தேட வேண்டிய இடம், அலுமினியத் தகட்டில் ஸ்டீல் திருகு இறங்கும் புள்ளிகள். திருகுத்தலையைச் சுற்றிப் பெயின்ட் மிளகளவு கொப்பளித்திருக்கும். நகத்தால் அழுத்தினால் நொறுங்கி உள்ளே வெள்ளைப் பொடி தெரியும். இரு உலோகமும் உப்புநீரும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைக் கரைக்கிறது. திருகைக் கழற்றிப் பொடியைச் சுரண்டி, நைலான் வாஷரும் தடுப்புப் பேஸ்டும் வைத்து மறுபடி முறுக்குங்கள். அங்கே சிலிக்கான் அடைத்து மூடினால் நோயை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

கூரையையும் ஏறிப் பாருங்கள். விசிறி, சோலார் கேபிள் நுழையும் இடங்களில் சீலன்ட் வெடித்திருந்தால் கோடை மழையில் ஒழுகும். ரப்பர் கூரையாக இருந்தால் பெட்ரோலியம் கலந்த கிளீனர் எதையும் தொடவிடாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

வெளி மின் இணைப்பு பிளக்கில் உப்புப் படலம் இருந்தால் கசிவு மின்சாரத்தால் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி விழும். நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் செருகுங்கள். சோலார் பலகையைக் காலையில் சூடு ஏறுமுன் கழுவுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நாலு நாள் நிறுத்தினால் துருவில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். மட்டமான தரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள்.

கேஸ் விஷயத்தில் சமரசமே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதற்காகத்தான் தரையில் துளைகள் இருக்கின்றன. பூச்சி வருகிறது என்று அவற்றை டேப் ஒட்டி அடைப்பவர்கள் உண்டு. வலை போடலாம், அடைக்கவே கூடாது. கடல் ஓரத்தில் அடுப்புச் சுடரில் ஆரஞ்சுத் தீற்றல் வந்து வந்து போனால் அது காற்றில் உள்ள உப்பின் சோடியம், பயமில்லை. சுடர் மொத்தமும் மஞ்சளாகி, மந்தமாக ஆடி, பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை. துருவோ சிலந்திவலையோ அடைத்திருக்கும். நிறுத்திச் சுத்தம் செய்தபின்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

கேட்டவர்: கரைவழி

மிக்க நன்றி, பட்டியலை எழுதிக்கொண்டேன். மணலும் கொசுவும் பாக்கி. பாதி மண், பாதி புல்லாக இருக்கும் இடங்களில் நிறுத்துவதில் முன்சக்கர இழுவைக்குச் சிக்கல் உண்டா?

பதில் 3: கழிமுகம்

உண்டு. தண்ணீர் டேங்க், சாமான், பின்பக்க கேரேஜ் என்று பாரமெல்லாம் பின்னால் இருக்கும்போது முன்சக்கரம் இலேசாகிவிடும். ஈரப்புல்லிலேயே சுழலும். வெளியேறும் பாதை இறக்கமாக இருக்கும்படி நிறுத்துங்கள், அதுவும் மழை வருமுன். கடற்கரை மணலில் இந்த வண்டியை இறக்கவே வேண்டாம். பின்பக்கம் நீண்டு தொங்குவதால் சரிவுப் பாதையில் கழிவுநீர்க் குழாய்தான் முதலில் இடிக்கும்.

நிறுத்துமிடத்திலேயே புதைந்துவிட்டால், சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுழன்றதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் குழியைத்தான் ஆழமாக்கும். முன்சக்கரங்களுக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரி, பிடிமானப் பலகையை டயருக்கு அடியில் முட்டக் கொடுங்கள். டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கி, வண்டியைப் பலகைமேல் மிக மெதுவாக ஏற்றுங்கள். சாலையில் ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். இந்த டயர்கள் 5 பார் வரை கேட்கும். கார்களுக்கான சின்ன கம்ப்ரசர் அதில் திணறும், பார்த்து வாங்குங்கள்.

இனி உங்கள் நோக்கத்துக்கு வருவோம். கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடாதீர்கள், ஓதத்தை (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை) வைத்துத் திட்டமிடுங்கள். பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடத்துக்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வீச்சு அதிகம். ஏறும் 6 மணி நேரத்தைப் பிரித்தால், மொத்த உயரத்தில் பாதி நடு இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். அதை நம்பிச் சேற்றுத்திட்டில் தூரமாகப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வற்றம் முடியும் நேரத்தில் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

கரைப்பறவைக்கு உயர் ஓதத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி. நீர் ஏற ஏறப் பறவைகள் தாமே உங்களை நோக்கி ஒதுங்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கினால் அதற்குமேல் ஒரு அடியும் வைக்காதீர்கள். வலசை போகும் பறவைக்கு வீணாக ஒருமுறை எழும்புவதே சேமித்த கொழுப்பின் இழப்பு.

அலையாத்திக் காட்டுக்கு வற்றம். வெண்கண்டல் மரத்தின் இலையைக் கழுவாமல் அப்படியே வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; பொடிப்பொடியாக உப்புப் படிகம் மின்னும். இலைச் சுரப்பி வழியாக மரம் வெளியேற்றியது அது. பக்கத்திலேயே முட்டுக்கால் வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் இலையில் அது இருக்காது, அந்த மரம் வேரிலேயே உப்பை வடிகட்டிவிடுகிறது. சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டி நிற்பவை மூச்சுவேர்கள், மிதிக்காதீர்கள். பிடில் நண்டு பார்க்க வேண்டுமென்றால் வளைகள் உள்ள திட்டின் ஓரம் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் ஒரு பெரிய கொடுக்கு மட்டும் வளைவாயில் தெரியும். கையை ஆட்டினால் மறுபடி பத்து நிமிடம்.

கொசுவைவிட மணல் ஈதான் அங்கே தொல்லை. 1 முதல் 3 மி.மீ. அளவு, சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். நெருக்கமான வலை போட்டால் காற்று குறையும். ஆனால் அது வலுவாகப் பறக்காது, மேசைவிசிறி ஒன்று கால்பக்கம் ஓடினாலே அண்டாது. பொழுது விடியும்போதும் சாயும்போதும், காற்று நின்ற வேளையில்தான் மொய்க்கும்; அதனால் கழிமுகத்திலிருந்து தள்ளி, காற்றுபடும் மேட்டில் நிறுத்துங்கள். பூச்சித்தைலத்தில் டீட் கலந்திருந்தால் அந்தக் கையோடு வண்டி ஜன்னலைத் தொடாதீர்கள். மோட்டார்ஹோம் ஜன்னல் அக்ரிலிக்; டீட் அதைக் கரைத்துக் கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். பிகாரிடின் கலந்ததில் அந்தச் சிக்கல் இல்லை.

பதில் 4: நெய்தல்நிலம்

தண்ணீர் விட்டுப்போனது. சூட்டில் டேங்க் தண்ணீர் சீக்கிரம் கெடும். கிளம்புமுன் 5 சதவீத, வாசனை சேர்க்காத ப்ளீச் 100 மி.லி.யை 100 லிட்டரில் கலந்து, எல்லாக் குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை திறந்துவிட்டு, 4 மணி நேரம் வைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். வடிகட்டியை முன்பே கழற்றிவிட வேண்டும். சிக்கனமாக இருந்தால் இருவருக்கு 100 லிட்டர் நாலைந்து நாள் வரும். பாத்திரம் கழுவிய நீரை மணல்மேட்டிலோ கண்டல் ஓரத்திலோ திறந்துவிடாதீர்கள், காலி செய்யும் இடம் வரை டேங்கிலேயே இருக்கட்டும்.

மதியத்துக்குமேல் இடிமேகம் கட்டுவது இங்கே கோடையின் வழக்கம். நடக்கப் போகுமுன் பக்கப்பந்தலைச் சுருட்டிவிடுங்கள். மழையில் பந்தலை விரித்தே வைத்தாலும் அதன் ஒரு காலைத் தாழ்த்தி வையுங்கள்; துணியில் பள்ளம் விழுந்து நீர் தேங்கினால் கம்பி மடங்கிவிடும்.

கேட்டவர்: கரைவழி

கடைசியாக ஒன்று. ஆமை முட்டையிடும் கரை அருகே இரவு நிறுத்தினால் வண்டி விளக்குக்குச் சிவப்புத்தாள் ஒட்டினால் போதுமா?

பதில் 5: கழிமுகம்

தாளை நம்ப வேண்டாம், பெரும்பாலானவை நீல ஒளியைக் கசியவிடும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் மட்டும் தரும் அம்பர் அல்லது சிவப்பு எல்.ஈ.டி. வாங்குங்கள். அதுவும் உள்ளே மட்டும், திரைச்சீலை இழுத்தபின். பந்தல் விளக்கு, படி விளக்கு இரண்டையும் ஃபியூஸ் எடுத்தே அணைத்துவிடுங்கள். கதவைத் திறந்ததும் தானாக எரியும் படி விளக்குதான் எல்லோரும் மறப்பது. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஊர்ந்து வரும்.

பெருந்தலை ஆமை முட்டையிடுவது வடகோளத்தில் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட், தென்கோளத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி. குஞ்சு பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம். பல கரைகளில் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, முன்பே விசாரியுங்கள். கரையேறி வரும் தாய் ஆமை அசைவு தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். அது மணல் தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை தொலைவில், தாழ உட்கார்ந்திருங்கள். பிறகும் தலைப்பக்கம் போகாமல் பின்னால்தான். பகலில் கரையில் நாற்காலி போட்டிருந்தால் மாலையே எடுத்துவிடுங்கள், தோண்டிய குழிகளையும் மூடிவிடுங்கள். முழங்கால் ஆழக் குழியில் விழுந்த குஞ்சால் ஏற முடியாது.