மாண்ட்கொமரி பஸ் புறக்கணிப்பு: 381 நாள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

செந்தில்_கே:
ஒருநாள் பந்த் என்றால் புரிகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கொமரியில், பஸ்ஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இடம் என்ற இனப் பிரிவினையை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை கறுப்பின மக்கள் டவுன் பஸ்ஸில் ஏறவே இல்லையே! வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் தினமும் எப்படிப் போய் வந்தார்கள்? செலவுக்குப் பணம்? பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ், போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் என்ற இரண்டு பெயரோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே நடந்த ஏற்பாடுகள் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நூலகவாசி:
முதலில் கைகொடுத்தவை டாக்ஸிகள். கறுப்பினத்தவரின் டாக்ஸிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றின. குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதை முடக்கியது. பேட்டன் ரூஜ் நகரில் 1953-லேயே பஸ் புறக்கணிப்பு நடத்திய பாதிரியார் டி. ஜே. ஜெமிசனிடம் கிங் யோசனை கேட்டார். அங்கே சொந்தக் கார்களை வைத்துச் சமாளித்திருந்தார்கள். இங்கேயும் அதே வழி. சுமார் 300 கார்கள் சேர்ந்தன. காலையில் குடியிருப்புகளிலும் மாலையில் வேலை நடக்கும் பகுதிகளிலும் தனித்தனி ஏற்றுமிடங்கள். ஊர் நடுவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடத்தில் வண்டி மாறிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள்: பயணியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. வாங்கினால் உரிமம் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும். அதனால் பணம் தேவாலயக் கூட்டங்களில் காணிக்கையாகச் சேர்ந்து, இயக்கத்தின் வழியாக பெட்ரோலுக்குப் போனது.

மீனா ராஜ்:
பெண்களை விட்டுவிட்டீர்கள். ஜோ ஆன் ராபின்சன் தலைமையிலான பெண்கள் அரசியல் மன்றம், பஸ் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தது. ரோசா பார்க்ஸ் கைதான இரவே ராபின்சன், தான் பாடம் நடத்திய கல்லூரியின் உருட்டச்சு எந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். தாளுக்கு மூன்றாக அடித்து வெட்டினார்கள். விடிந்ததும் பள்ளிக்கூடங்கள் வழியாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

பணம் என்றால் ஜார்ஜியா கில்மோர். சமையல் வேலை செய்த பெண்களைச் சேர்த்து கேக், ‘பை’ (pie) என்ற பலகாரம், சாப்பாடு விற்று, வாராவாரம் கூட்டத்தில் தொகையைக் கொடுத்தார். குழுவின் பெயரே ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’ என்கிற மாதிரி. யார் கொடுத்தது என்று தெரிந்தால் முதலாளி வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் அல்லவா? என் கணக்கில் இந்தப் போராட்டத்தின் மிக அழகான பகுதி இதுதான்.

செந்தில்_கே:
அருமை. போலீஸ் சும்மா விட்டதா?

நூலகவாசி:
எங்கே விட்டது! சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் கார் ஓட்டிகளுக்கு அபராதம். 25 மைல் வேகம் உள்ள தெருவில் 30-ல் போனதாகச் சொல்லி கிங்கையே 1956 ஜனவரியில் பிடித்தார்கள். பிப்ரவரியில், 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தில் 89 பேர் மீது வழக்கு.

அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸ். தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்கு காப்பீடு அடுத்தடுத்து ரத்தானது. காப்பீடு இல்லாத வண்டியை ஓட்ட முடியாது. அட்லாண்டாவின் கறுப்பின முகவர் டி. எம். அலெக்சாண்டர், லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வழியாகப் பாலிசி எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 13 அன்று உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டையே தடை செய்தது. அன்றைக்கேதான் பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால் உத்தரவு ஊருக்கு வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை கார் ஏற்பாடும் இல்லை; நடந்தார்கள், பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை.