தள்ளினால் கீபோர்டு வரும் போனில் எழுத்துக்குப் பதில் எண் வருகிறது, அவசரம்

வில்லிவாக்கத்தாள் | ஞாயிறு இரவு 8:40
வணக்கம். அப்பாவுக்கு ஒரு பழைய போன் கொடுத்திருக்கிறோம். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து கீபோர்டு வரும். அதில் மெசேஜ் அடித்தால் எழுத்துக்குப் பதில் எண்ணும் ஆச்சரியக்குறியும் என்னென்னவோ வருகிறது. நாளை காலை நான் பெங்களூரு கிளம்ப வேண்டும். அதற்குள் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகணும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள் ப்ளீஸ்.

போரூர்க்காரன் | 8:44
என்ன போன்? கம்பெனி, மாடல் எதுவும் சொல்லவில்லையே.

சிம்காரன் | 8:47
ஜியோ சிம் போட்டிருக்கிறீர்களா? ஜியோவில் 4ஜி, 5ஜி மட்டும்தான். 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. இந்த மாதிரி பழைய செட்டில் டவரே எடுக்காது. முதலில் சிம்மை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

போரூர்க்காரன் | 8:49
சிம்முக்கும் எழுத்து எண்ணாக மாறுவதற்கும் என்ன சம்பந்தம்?

சிம்காரன் | 8:50
எப்படியும் அடுத்த கேள்வி "மெசேஜ் போகவில்லை" என்றுதானே வரும்? அதை முன்கூட்டியே சொன்னேன்.

கணினிக்கிழார் | 8:58
தம்பி, "பழைய போன்" என்றால் என்னவென்று புரிந்துகொள்வது? நோக்கியாவில் மட்டுமே இப்படிப் பக்கவாட்டில் திறக்கும் மாடல்கள் என்97, ஈ75, சி6, ஈ7 என்று வரிசையாக இருக்கின்றன. எல்ஜி தனி, சோனி எரிக்ஸன் தனி. கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள், அடியில் ஸ்டிக்கரில் மாடல் இருக்கும். அதைப் பார்த்து எழுதக்கூட நேரமில்லை என்றால் எங்களுக்கு மட்டும் நேரம் இருக்கிறதா?

எப்படியிருந்தாலும் இது ஃபிளெக்ஸ் கேபிள் பிரச்சினை. ஸ்லைடர் போனில் எப்போதும் அதுதான் போகும்.

மழைத்தவளை | 9:01
பிரெடிக்டிவ் டெக்ஸ்ட், அதாவது போனே வார்த்தையை ஊகித்துப் போடும் வசதி, ஆன் ஆகியிருக்கும். அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும். என் மாமனார் போனில் இப்படித்தான் ஏதேதோ வந்தது.

வில்லிவாக்கத்தாள் | 9:10
மன்னிக்கவும், நோக்கியா சி6-00. அண்ணன் வைத்திருந்தது. அவன் ஏர்செல் நம்பர் 2018-ல் போனதிலிருந்து பீரோவில் கிடந்தது. பேட்டரி மட்டும் புதிது போட்டோம். சிம் ஜியோ இல்லை. போன் பேச முடிகிறது, டவர் நன்றாக இருக்கிறது. பிரெடிக்டிவ் ஆஃபில்தான் இருக்கிறது. கணினிக்கிழார் சார், நான் தம்பி இல்லை.

சிந்தாதிரிப்பேட்டை_சர்வீஸ் | 9:18
சி6-00 என்றால் எனக்கு நன்றாகத் தெரிந்த செட். 2010-ல் வந்தது, பேட்டரி பிஎல்-4ஜே. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இதை நிறையக் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

ஃபிளெக்ஸ் கேபிள் என்று சொன்னவருக்கு: திரை இருக்கும் மேல் பாதியையும் கீபோர்டு இருக்கும் கீழ் பாதியையும் இணைக்கும் பட்டை அது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் மடங்கும், நாள்பட்டால் உள்ளே கம்பி விரிசல் விடும். விட்டால் திரை வெள்ளையாகும், இல்லை கறுப்பாகும், பாதி திறந்தால் வேலை செய்யும், முழுக்கத் திறந்தால் செய்யாது. எழுத்தைச் சுத்தமாக எண்ணாக மாற்றிக் கொடுக்கிற அளவுக்குப் புத்திசாலியான கேபிளை நான் இதுவரை பார்க்கவில்லை.

மேடம், கீபோர்டின் ஓரத்தில் அம்புக்குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும், அதுதான் ஃபங்ஷன் கீ. அதை வேகமாக இரண்டு தடவை தட்டினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தப் பட்டனை அடித்தாலும் பட்டனின் மேல் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணும் குறியும்தான் வரும். திரும்ப ஒரு தடவை தட்டினால் விடுபடும். தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கணினிக்கிழார் | 9:22
கேபிளில் ஷார்ட் ஆனால் ஃபங்ஷன் கீ தானாகவே அழுந்தியது போல் ஆகும். நான் சொன்னதும் அதேதான். எளிமையாகச் சொல்லியிருந்தேன்.

சிந்தாதிரிப்பேட்டை_சர்வீஸ் | 9:24
சரிங்க சார்.

மழைத்தவளை | 9:27
பேசாமல் ரீசெட் போட்டுவிடுங்கள். ஸ்டார் ஹேஷ் 7370 ஹேஷ். லாக் கோடு கேட்டால் 12345.

போரூர்க்காரன் | 9:29
ஐயோ, அதை அடிக்காதீர்கள். போன் மெமரியில் இருக்கும் நம்பர், மெசேஜ் எல்லாம் போய்விடும். அப்பா எத்தனை பேர் நம்பரை உட்கார்ந்து ஏற்றினாரோ! அப்படியே போட்டாலும் முதலில் நம்பர்களை சிம்முக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

வில்லிவாக்கத்தாள் | 9:36
ரீசெட் போடவில்லை. ஃபங்ஷன் கீயை இரண்டு தடவை தட்டினால் எல்லாமே எண்ணும் குறியுமாக வருகிறது, திரும்பத் தட்டினால் எழுத்து வருகிறது. நான் அடித்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. அப்பா கையில் கொடுத்தால் திரும்பவும் பழையபடி ஆகிறது. "வீட்டுக்கு வா" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார், நடுநடுவே எண், அட்-குறி, கேள்விக்குறி. ஒன்றும் புரியவில்லை.

போரூர்க்காரன் | 9:38
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! நீங்கள் அடித்தால் சரி, அப்பா அடித்தால் தப்பா?

கணினிக்கிழார் | 9:41
அப்படியானால் போனில் ஒன்றுமில்லை, பழக்கமின்மை. இந்த வயதில் இதையெல்லாம் கொடுத்துக் குழப்புவதை விட ஒரு நல்ல டச் போன் வாங்கி, மைக்கில் பேசினால் எழுத்தாக வரும்படி வைத்துக் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பழைய சாமானைத் தள்ளிவிட அப்பாதான் கிடைத்தாரா?

வில்லிவாக்கத்தாள் | 9:43
டச் போன் வாங்கிக் கொடுத்தோம் சார். அவர் விரல் வறண்டு போயிருக்கிறது, தொட்டால் ஏற்பதே இல்லை. இதில் நகத்தால் அழுத்தினால்கூட ஏற்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை_சர்வீஸ் | 9:47
அது உண்மை. இப்போது வருகிற போன்களின் திரைக்கு விரலில் இருக்கும் ஈரமும் மின்கடத்தலும் வேண்டும். தோல் காய்ந்துபோனவர்களுக்குத் தகராறு செய்யும். சி6-00 திரை அழுத்தத்தில் வேலை செய்கிற வகை. நகம், பேனா மூடி, பல்குத்தும் குச்சி எதுவானாலும் சரி. மகள் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்.

நடுநடுவே வருகிறது என்று சொன்னீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபங்ஷன் பூட்டிக்கொண்டால் எல்லா எழுத்தும் மாறும். சிலது மட்டும் மாறினால் அது பூட்டு இல்லை. இந்த போனில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மேலே அச்சடித்த எண்ணோ குறியோ வரும். அப்பா சில பட்டன்களை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலை மட்டும் பாருங்கள், தெரிந்துவிடும்.

போரூர்க்காரன் | 9:50
அதேதான். பழைய பட்டன் போனிலும் 2-ஐ அழுத்திப் பிடித்தால் ஏ, பி, சி வராமல் 2 வரும். அவர் முன்னால் என்ன போன் வைத்திருந்தார்? பட்டன் கல்லாகிப்போன செட்டில் அமுக்கி அமுக்கிப் பழகியவராக இருப்பார்.

ஓரகடம்_ஷிப்ட் | 9:52
சி6 எல்லாம் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் செய்ததா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்போது கம்பெனி பஸ்ஸில் அங்கேதான் போனார்கள்.

கணினிக்கிழார் | 9:55
ஆமாம், நோக்கியா போன் எல்லாமே ஸ்ரீபெரும்புதூர்தான். அதனால்தான் அந்தக் காலத்து செட் இன்னும் உழைக்கிறது.

ஓரகடம்_ஷிப்ட் | 9:58
எல்லாமே என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பின்லாந்து, ஹங்கேரி, சீனா எல்லா இடத்திலும் ஆலை இருந்தது. இங்கே 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பர் 1-ல் நின்றது. பெரும்பாலும் விலை குறைந்த பட்டன் செட்தான் இங்கே செய்தார்கள். கீபோர்டு வைத்த செட் இங்கே ஓடியதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்டேன்.

கணினிக்கிழார் | 10:01
அங்கே வேலை பார்த்தவர் போல எழுதுகிறீர்கள், ஆனால் தெரியவில்லை என்கிறீர்கள். நல்லது.

ஓரகடம்_ஷிப்ட் | 10:03
நான் வேலை பார்த்தேன் என்று எங்கே எழுதினேன்? தெருவில் உள்ளவர்கள் என்று எழுதினேன். மேடம், பேட்டரிக்கு அடியில் இருக்கிற அதே ஸ்டிக்கரில் "மேட் இன்" என்ன போட்டிருக்கிறது? பார்த்துச் சொன்னால் சார் நிம்மதியாகத் தூங்குவார்.

சிம்காரன் | 10:05
அந்த வளாகத்தை இப்போது சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்கிவிட்டது.

சிம் பற்றி ஒன்று. சின்ன நானோ சிம்மைச் சுற்றி, பெரிய சிம் அளவுக்கு ஆக்கும் ஃபிரேம் போடாமல் அப்படியே சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சி6-ல் பெரிய சிம் போடுகிற இடம், நானோ சிம் நழுவி உள்ளே உள்ள பின்னில் மாட்டினால் பின்னோடுதான் வெளியே வரும்.

போரூர்க்காரன் | 10:07
இவர் ஒருவர் சிம்மை விடவே மாட்டார். ஆனால் இது சரியான பேச்சு, ஃபிரேம் கட்டாயம் வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டை_சர்வீஸ் | 10:10
அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா மேடம்? ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும். பட்டன் "டக்" என்று இறங்கியது விரலுக்குத் தெரியாது, அதனால் விடாமல் அழுத்துவார்கள். கடைக்கு வரும் பெரியவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். போனில் செய்யக்கூடியது, ப்ரொஃபைலில் ஜெனரலுக்குப் போய் கீபேட் டோனைக் கூட்டி வையுங்கள். சத்தம் கேட்டதும் விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

வில்லிவாக்கத்தாள் | 10:16
சர்க்கரை உண்டு, பல வருஷமாக. ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காது. போனில் பேசினால் புரியாது என்பதால்தான் மெசேஜ் பழக்குகிறேன்.

போரூர்க்காரன் | 10:17
இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களோ!

ஏஎஸ்டிஎஃப்_அக்கா | 10:31
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். அயனாவரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவள் நான். காதும் விரலும் உதவாதபோது கண்ணையும் தாளத்தையும் நம்ப வேண்டியதுதான்.

அப்பாவிடம் "மெதுவாக அடியுங்கள்" என்று சொல்லாதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். மெதுவாக என்றால் அவர் இன்னும் அதிக நேரம் பட்டனை அமுக்குவார், இன்னும் எண்தான் வரும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, தொடுகிற நேரம்தான் சின்னதாக இருக்க வேண்டும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது போலத் தொட்டு உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அடிக்க வேண்டாம். பிடிக்கிற கையின் இறுக்கம் கட்டைவிரலுக்கும் வந்துவிடும். மேசையில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டு அதன் மேல் போனைத் திறந்து வைத்து, ஆள்காட்டி விரலால் மேலிருந்து தட்டட்டும். முதலில் மெசேஜ் வேண்டாம், நோட்ஸைத் திறந்து கொடுங்கள். தப்பாகப் போய்விடுமோ என்ற பயம் இருக்காது. வகுப்பில் போடுகிற முதல் பாடமே போதும்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், ஒரு இடைவெளி, திரும்ப அதே. ஒரு வரியில் எண்ணோ குறியோ வராமல் முடித்தால் அடுத்த வரிசைக்குப் போகலாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், விரல் சோர்ந்தால் திரும்பவும் அமுக்க ஆரம்பிப்பார். இன்று இரவே எல்லாம் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. எண் விழுந்தால் அழித்துத் திருத்தவும் முதலிலேயே காட்டிக் கொடுங்கள். அழிக்கிற பட்டனைப் பிடித்தே இருந்தால் அடித்தது எல்லாம் போய்விடும், அதிலும் ஒரு தட்டு, ஒரு எழுத்து என்றே பழக்குங்கள்.

மழைத்தவளை | 10:36
அக்கா, நான் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் முதல் வகுப்பு! ஏ எஸ் டி எஃப் கேட்டு எத்தனை காலமாயிற்று.

எல்லாம் சரி, அப்பா தமிழிலேயே அடித்தால் நன்றாக இருக்குமே. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் படிப்பது பெரிய தலைவலி.

சிம்காரன் | 10:39
தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், இங்கிலீஷ் எழுத்தில் 160. அதுவும் "சென்னை" என்பது நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஆறு. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். நாலு வரி அடித்தால் மூன்று மெசேஜ் காசு.

மழைத்தவளை | 10:41
காசைப் பார்த்தா அப்பா மகளுக்கு எழுதுவார்?

சிம்காரன் | 10:42
ரீசார்ஜ் பேக்கில் ஒரு நாளைக்கு இத்தனை என்றுதானே எஸ்எம்எஸ் தருகிறார்கள். நான் சொன்னது கணக்கு, பாசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கணினிக்கிழார் | 10:50
இழை தடம் மாறுகிறது. கேள்விக்கான விடை என் 9:41 பதிவிலேயே இருக்கிறது: போனில் பழுது இல்லை, பழக்கமின்மை.

சிந்தாதிரிப்பேட்டை_சர்வீஸ் | 10:52
8:58-ல் கேபிள் என்று இருக்கிறதே சார்.

ஓரகடம்_ஷிப்ட் | 10:54
ஸ்டிக்கர் என்ன ஆயிற்று?

வில்லிவாக்கத்தாள் | திங்கள் காலை 6:05
சென்ட்ரலில் இருக்கிறேன். அக்கா சொன்னபடி மேசையில் வைத்து அடிக்கச் சொன்னேன், எண் வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது. எஸ் மட்டும் இன்னும் மாட்டுகிறது. ஆட்டோவில் வரும்போது "டிக்கெட் எடுத்தாயா" என்று ஒரு மெசேஜ் வந்தது, நடுவில் ஒரே ஒரு அட்-குறி. எல்லாருக்கும் நன்றி. வண்டி கிளம்புகிறது.

ஏஎஸ்டிஎஃப்_அக்கா | 6:40
நல்லது அம்மா. எஸ்ஸுக்கு மட்டும் தினம் ஒரு வரி போடச் சொல்.

ஓரகடம்_ஷிப்ட் | 9:15
மேடம், அந்த ஸ்டிக்கர்?

ஊரப்பாக்கம்_77 | புதன் மாலை 4:20
என்னிடமும் இதே சி6 இருக்கிறது. சார்ஜ் போட்டால் திரையில் பேட்டரி படம் ஓடுகிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. யாராவது சொல்லுங்கள், அவசரம்.

கணினிக்கிழார் | 4:31
தனி இழை தொடங்கவும்.