இலையுதிர் காலம் வந்துவிட்டதென்று எதை வைத்துச் சொல்வது: இலையா, நிழலா, பனியா?

சருகு:
வானிலைக்காரர்களுக்கு இலையுதிர் காலம் செப்டம்பர் 1-இல் தொடக்கம். வானியல்காரர்களைக் கேட்டால் 22 அல்லது 23-ஆம் தேதிச் சமநாள் (பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள்) வரை பொறுக்கச் சொல்வார்கள். (தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் மார்ச் 1, மார்ச் 20 அல்லது 21 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.) அன்றாடம் வெளியே நடமாடுகிறவருக்கு இரண்டுமே உதவாது. ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் இருமுறை, ஒரே இடத்தில் நின்று ஒரே பக்கத்தைப் பாருங்கள். நிறம் மாறத் தொடங்கிய நாள், உதிரத் தொடங்கிய நாள், பாதி உதிர்ந்த நாள். மூன்று தேதி போதும். தாவர வளர்ச்சிக்கான பிபிசிஎச் அளவுகோலில் இவற்றுக்கு 92, 93, 95 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள். பருவத்தின் பெயரிலேயே இலை இருக்கும்போது வேறெதைத் தேடுவது?

நிழல்கோல்:
பெயரில்தான் வம்பே. "இலையுதிர்" என்று வைத்துவிட்டதால் எல்லோரும் அண்ணாந்து கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உதிர்வது கடைசியில் நடப்பது. அதற்குள் பருவம் வந்து பாய் விரித்துப் படுத்திருக்கும்.

ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் பாழ். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 அல்ல. 11.30-இலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தால், இருப்பதில் குட்டையான நிழல்தான் நண்பகல். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில் அது 1 மணிக்கு மேல்கூட விழும்.

50 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஜூன் 21 அன்று அந்த நிழல் 50 செ.மீ. செப்டம்பர் சமநாளில் 119 செ.மீ. ஜூன் கடைசி வாரம் முழுக்க சுமார் அரை செ.மீ.தான் நகரும், செப்டம்பர் முதல் வாரத்தில் மட்டும் 8 செ.மீ. நீளும். குச்சி நட இடமில்லையா, நண்பகல் வெயில் விழும் ஜன்னல் போதும். மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் என்றால் ஜூனில் வெயில் அறைக்குள் 1 மீட்டர்தான் வரும். சமநாளில் கிட்டத்தட்ட 2.4 மீட்டர். அதுவரை நிழலில் இருந்த நாற்காலிக் கால் வெயிலில் நிற்கும்.

ஈரப்புல்:
கணக்கு சுத்தம். ஆனால் செப்டம்பர் 1-இன் நிழலும் ஏப்ரல் 11 வாக்கில் விழும் நிழலும் ஒரே நீளம். வடக்கில் ஏப்ரலை யாராவது இலையுதிர் காலம் என்பார்களா? சூரியன் எங்கே நிற்கிறது என்பதுதான் நிழலுக்குத் தெரியும். மண்ணும் கடலும் கோடை முழுக்கச் சேர்த்துவைத்த சூடும் ஈரமும் அதற்குத் தெரியாது.

புல்லுக்குத் தெரியும். அதே 50 டிகிரியில் ஜூன் இரவு 8 மணி நேரம்கூட இல்லை. செப்டம்பர் கடைசியில் 12. தரை தன் சூட்டை வானத்துக்கு விட நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. காற்றில் கோடையின் ஈரமோ இன்னும் தீரவில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் பனி இறங்கிவிடும்.

கோடையிலும் பனி பெய்யுமே என்பீர்கள். பெய்யும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். 9 மணிக்கும் செருப்பு நனைகிறது, வாரத்தில் மூன்று நான்கு நாள் அப்படியே என்றால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாளைச் சேர்க்காதீர்கள். இன்னொன்று, பலரும் தவறுவது இங்கேதான்: புல்லின் நுனியில் மட்டும் முத்து மாதிரி ஒற்றைத் துளி நின்றால் அது பனியே அல்ல. வேர் உறிஞ்சிய நீரைப் புல் நுனித்துளை வழியாகக் கசியவிடுகிறது. பனி என்றால் இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக, சாம்பல் பூத்தது போல் இருக்கும். விரலால் இழுத்தால் பச்சைக் கோடு விழும்.

நிழல்கோல்:
ஏப்ரல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் நிழல் ஊமை. மூன்று வார நிழல் பேசும்: ஏப்ரலில் குறுகும், செப்டம்பரில் நீளும். உங்களுக்கு வாரத்தில் நான்கு தெளிந்த இரவு வேண்டும். எனக்கு ஒரு வெயில் நண்பகல் போதும்.

பகல் சுருங்கும் வேகம் சமநாளை ஒட்டித்தான் உச்சம். 40 டிகிரி அட்சரேகையில் நாளுக்கு சுமார் 2.7 நிமிடம், 50-இல் 3.8, 60-இல் 5.5. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 10 டிகிரியில், அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கே இருப்பவர்கள் இந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கலாம்.

பாதரசம்:
மூவரும் கண்ணை நம்புகிறீர்கள். ஸ்வீடன் வானிலைத் துறையின் விதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 1-க்குப் பிறகு நாள் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், அந்த ஐந்தில் முதல் நாள்தான் இலையுதிர் காலத் தொடக்கம். கருவி தரையிலிருந்து ஒன்றரை முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவெல்லாம் கக்கும், பருவம் உங்கள் வீட்டுக்கு மட்டும் தாமதமாக வரும்.

சருகு:
விருந்தாளி வந்து ஐந்து நாள் கழித்து "வாங்க" என்று சொல்கிற விதி! சீனாவில் 5 நாள் சராசரியை 22 டிகிரிக்குக் கீழே என்று வைக்கிறார்கள். 12 டிகிரி இடைவெளியில் இரண்டுமே இலையுதிர் காலமென்றால் அது அளவீடா, ஒப்பந்தமா?

பாதரசம்:
ஒப்பந்தம்தான், மறைக்கவில்லை. ஒரே ஊரை ஆண்டுக்காண்டு ஒப்பிட ஒப்பந்தம் போதும். எண் பிடிக்காதவர்கள் கார் டயரைப் பாருங்கள். 10 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் சுமார் 0.1 பார் (அழுத்த அலகு) குறையும். கோடையில் சற்றே குறைவாக நிரப்பிய டயர், முதல் குளிர்ந்த காலையில் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். சற்று ஓட்டியதும் டயர் சூடாகி விளக்கு அணையலாம். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின் அளந்து, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். மீண்டும் மீண்டும் ஒரே டயர் மட்டும் இறங்கினால் அது பருவமல்ல, பஞ்சர்.

நிழல்கோல்:
சருகு, அடுத்தவர் விதியைப் பிரித்து மேய்ந்தது போதும், உங்கள் இலைக்கு வருவோம். வறட்சி வந்தால் ஆகஸ்டிலேயே கொட்டும். ஐரோப்பாவில் குதிரைக் கஷ்கொட்டை மரங்களின் இலையை ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு உள்ளிருந்தே தின்று ஜூலை, ஆகஸ்டில் பழுப்பாக்கிவிடுகிறது. தெருவிளக்குப் பக்கத்துக் கிளையோ மற்றவை மொட்டையான பிறகும் பச்சையாக நிற்கும். இதில் எந்தத் தேதியை எழுதுவீர்கள்?

சருகு:
விளக்கிலிருந்து தள்ளி நிற்கும் மரத்தைத் தேர்ந்தால் கடைசிக் குற்றச்சாட்டு போச்சு. மற்ற இரண்டுக்கும் இலையைக் கையிலெடுக்க வேண்டும். வறட்சியில் இலை ஓரத்திலிருந்து கருகும், நரம்புகளுக்கு நடுவே திட்டாகக் காயும். புழு தின்ற இடம் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடித்தாள் போல் தெரியும். பருவத்தில் மாறும் இலையில் பச்சையம் சிதைவதால், முன்பே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. நரம்போரம் கடைசிவரை பச்சை தங்கும். காம்பின் அடியையும் பாருங்கள். மரம் தானே அறுத்துவிட்ட காம்பு வழவழப்பாக முடிந்திருக்கும், கிளையில் மூடிய வடு இருக்கும். குதிரைக் கஷ்கொட்டையில் அந்த வடு ஆணி அடித்த லாடம் மாதிரியே இருக்கும். காற்று பிய்த்ததில் நார் தொங்கும்.

உறைபனி பட்டால்தான் இலை சிவக்கும் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சிவப்பு நிறமியை இலை புதிதாகத் தயாரிக்கிறது, அதற்குச் சர்க்கரை வேண்டும். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்றால் நன்றாகச் சிவக்கும். முன்கூட்டியே உறைந்தால் இலை செத்துப் பழுப்பாகிவிடும்.

நிழல்கோல்:
பாடம் அருமை. ஆனால் ஜெர்மன் வானிலைத் துறை இலையுதிர் காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. எல்டர்பெர்ரி பழுத்தால் முன்பகுதி, ஓக் மரத்துக் காய் முற்றினால் நடுப்பகுதி, அதே ஓக்கின் இலை நிறம் மாறினால் பின்பகுதி. உங்கள் இலை வருவது மூன்றாவதாக.

சருகு:
பழமும் காயும் மரத்தில்தானே காய்க்கின்றன, உங்கள் குச்சியிலா? சரி, என் மூன்று தேதிகளுக்கு முன்னால் பழம் பழுத்த தேதியைச் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் ஜன்னலையும் ஏற்கிறேன், முன்னால் மரம் இல்லாத ஜன்னலாக இருந்தால்.

ஈரப்புல்:
மரம் இருக்கிற ஜன்னல்தான் சுவாரசியம். வெளியே பகல் குறைந்துகொண்டே போகும், இலை கொட்டக் கொட்ட நண்பகலில் அறைக்குள் வெளிச்சம் கூடும்.

நிழல்கோல்:
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நவம்பரில் சண்டை போடலாம்.