புதிதாக வந்தவர்களுக்கு சுவிசேஷம் சொல்லக் கற்றுக்கொடுப்பது: எதை விடலாம்?

தண்டையார்பேட்டை தம்பி:
புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு வகுப்பு எடுக்கிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாதிப் பேர் காசிமேட்டில் லாஞ்சில் (விசைப்படகில்) மீன் பிடிக்கப் போகிறவர்கள், மற்றவர்கள் மீன் விற்கிற அக்காமார். கையில் இருக்கிற நோட்ஸில் ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9 என்று வரிசையாக மனப்பாட வசனம், அப்புறம் தேவனுக்கும் மனுஷனுக்கும் இடையே இருக்கிற பள்ளத்துக்கு நடுவே சிலுவையைப் பாலமாகப் போடுகிற படம், கடைசியில் நீதிமானாக்கப்படுதல் (தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது), பரிசுத்தமாக்கப்படுதல் (அதன்பின் வாழ்க்கை பரிசுத்தமாக மாறுவது) என்ற பாடங்கள். வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வெளியே டீ குடிக்கும்போது ஒரு அக்கா, "இதெல்லாம் சரியா சொல்லத் தெரியாம எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படி வாயத் திறக்கிறது?" என்கிறார். வகுப்புக்கு வருவதற்கு முன்னால் தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் அவர்! எதை விடலாம், எதை விடக்கூடாது?

கடலோரம்:
பிரதர், முதலில் அந்த அக்காவை நோட்ஸிடமிருந்து காப்பாற்றுங்கள். யோவான் 9-இல் பார்வை பெற்றவனைப் பரிசேயர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள், அவனோ குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்தது இதுதான் என்கிறான். இயேசு யார் என்று அவனுக்கே அந்த அதிகாரத்தின் கடைசியில்தான் தெரிகிறது. முன்பு எப்படி இருந்தேன், இப்போது என்ன மாறியது, இதை டீ ஆறுவதற்குள் சொல்லப் பழக்குங்கள். கூடவே மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஒரு சம்பவம், மொத்தமே 16 அதிகாரம்தானே. முதல் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் படகில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் இயேசு கூப்பிடுகிறார். நாலாவதில் புயல், படகில் தண்ணீர் ஏறுகிறது, அவர் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். காசிமேட்டுக்காரருக்கு இதை நீங்களா விளக்கப் போகிறீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் லாஞ்ச் கரையில்தான் நிற்கும், வகுப்பை அப்போது வையுங்கள்.

வியாசர்பாடி அக்கா:
சொந்த அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வது சரி தம்பி. ஆனால் எளிமை என்ற பேரில் "இயேசுகிட்ட வா, கடன் தீரும், வியாதி போகும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களே, கேட்க அதைவிட எளிமை எது? கடன் தீராவிட்டால் ஆள் வரமாட்டார். 1 கொரிந்தியர் 15:3-4-ஐ விட்டுவிடாதீர்கள்: நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். அதற்கு மேல் சுருக்க வேண்டாம்.

அப்புறம், ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும்போது மாமியார் சொம்பை நீட்டினால் வாங்குவதா வேண்டாமா? புது விசுவாசிக்கு அன்றாடம் இடிக்கிற கேள்வி இதுதான், நோட்ஸில் இருக்காது. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவதைப் பற்றிப் பேசுகிற 1 கொரிந்தியர் 8-ஐயும் 10-ஐயும் வைத்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசுங்கள், அவசரப்பட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அம்மனைத் திட்டி ஆரம்பிக்கிற பிரசங்கத்தைத் தயவுசெய்து கற்றுக்கொடுக்க வேண்டாம், அதோடு வீட்டில் பேச்சே நின்றுபோகும். பேதுரு சாந்தத்தோடு பதில் சொல்லச் சொன்னார் (1 பேதுரு 3:15).

பெரம்பூர் பையன்:
பாலம் படத்தை ஒரேயடியாகத் தூக்கிப் போடாதீங்க, எனக்கு அதில்தான் புரிந்தது. படம் போட்டுப் பார்க்கிற ஆளும் இருக்கிறான்.

தண்டையார்பேட்டை தம்பி:
நன்றி. ஒரு சிக்கல், நோட்ஸ் எழுதினதே எங்க பாஸ்டர்.

கடலோரம்:
ஹா ஹா. அப்போ நிறுத்தச் சொல்லாதீங்க, பின்னால் தள்ளுங்கள். வீட்டில் நாலு பேரிடம் பேசிவிட்டுக் கேள்வியோடு திரும்பி வருவார்கள், அப்போது ரோமரை எடுக்கலாம். புயல் சம்பவத்தைப் பாஸ்டரையே வந்து நடத்தச் சொல்லிப் பாருங்களேன்.