என்ஃபீல்டு 1853 மாதிரி: 50 மீட்டரில் குண்டு புரண்டு போகிறது, உதவி தேவை

1853 என்ஃபீல்டு துப்பாக்கியின் நகலை, குழலை மூன்று வளையங்கள் கட்டையோடு பிடிக்கும் வகையை, உதிரிப் பாகங்களாக வாங்கி, கட்டையைத் தேய்த்து எண்ணெய் ஏற்றி, பூட்டை (சுடும் விசையமைப்பை) பொருத்தி நானே சேர்த்தேன். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டிக்கும் வகை. காலிபர் (குழலின் உள்விட்டம்) .577 அங்குலம், குண்டைச் சுழற்ற குழலுக்குள் மூன்று புரி (சுருள் பள்ளம்), 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய அசலிலும் இதேதான். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப் தவறாமல் வெடிக்கிறது, மருந்தும் உடனே பற்றுகிறது. பூட்டில் குறையே இல்லை, அதில் எனக்கு நிறைவு.

சிக்கல் குண்டில். 25 மீட்டரில் துளைகள் வட்டமாக, நெருக்கமாக விழுகின்றன. 50 மீட்டரில் பாதிக்கு மேல் நீள்துளை. பின்பக்கம் குழிவான ஈயக் குண்டான மினியே குண்டு சுழற்சி பிடிக்காமல் பக்கவாட்டில் போய் விழுகிறது. முதல் நாளிலிருந்தே இப்படித்தான்.

இந்தக் குண்டின் குழிவான பின்விளிம்பு வெடிப்பில் விரிந்து புரியைக் கவ்வ வேண்டும். அதனால் முதலில் ஈயத்தைச் சந்தேகித்து, நகம் பதியும் அளவு மென்மையான சுத்த ஈயத்துக்கு மாறினேன். பலனில்லை. அப்புறம் குழலுக்குள் ஈயத் துண்டை அடித்து இறக்கி அளந்தேன், 0.580 அங்குலம். குண்டை 0.578க்குக் கொண்டு வந்தேன். கரிமருந்தை 40 கிரெய்னிலிருந்து (சிறு எடை அளவு) 60 வரை ஏற்றிப் பார்த்தேன். 60இல் இன்னும் மோசம். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு போடுகிறேன், ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு குழலைத் துடைக்கிறேன். புரியில் ஈயம் ஒட்டவில்லை.

என் அச்சில் வரும் குண்டின் விளிம்பு மெலிதானது. மண்மேட்டில் தோண்டி எடுத்த குண்டுகளில் புரித்தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறது.

விளிம்பு தடித்த அச்சுக்கு மாறுவதா, குழல் வாயைச் சீராக்குவதா, இந்த அறிகுறிகளுக்கு எதை முதலில் செய்ய வேண்டும்?